மருந்துக்கு முன்னால் மீனைப் பாருங்கள்

(வீட்டில் மீன் வளர்ப்பவர்களுக்காகத் திருவள்ளூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊர்ப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்று பெயர். உடம்பு குணமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு அமாவாசைதோறும் வந்து, கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டுப் போகிற கூட்டத்தை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறீர்கள். அப்படிப்பட்ட ஊரில் வைத்தியத்தைப் பற்றிப் பேசக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. நான் பேச வந்திருப்பது உங்கள் வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீனுக்கான வைத்தியம்.

மீன் சோர்ந்து ஒரு மூலையில் ஒதுங்கினால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மீன் கடைக்கு ஓடுகிறோம். “அண்ணே, மீன் டல்லா இருக்கு, ஏதாவது மருந்து குடுங்க” என்று கேட்கிறோம். அவர் ஒரு நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ எடுத்துத் தருகிறார். கேட்டதைக் கொடுக்கிற அவரைக் குறை சொல்ல மாட்டேன். மீனையும் அது இருந்த தண்ணீரையும் அவர் பார்க்கவில்லை. நாமும் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பார்க்காத ஒரு நோய்க்கு மருந்து ஊற்றப்படுகிறது. இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன். முதலில் மீனைப் பாருங்கள், அடுத்து தண்ணீரைச் சோதியுங்கள், மருந்து கடைசியில் வரட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். தொட்டியில் எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் அவதிப்படுகின்றனவா, ஒன்றிரண்டு மட்டும் அவதிப்படுகின்றனவா? நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்த மீன்கள் எல்லாம் இன்று காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பெரும்பாலும் அது தண்ணீரின் கோளாறு. ஒரு மீன் மட்டும் துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இரை போட்டும் வராமல் நின்றால் அது நோயாக இருக்கலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டாலே, கடைக்கு ஓடுகிற ஓட்டத்தில் பாதி மிச்சமாகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. புயல் ஐந்தாம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னால் கொட்டிய மழையில் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மனிதர்களுக்கே பாலும் தண்ணீரும் கிடைக்காத நேரம். அந்த நேரத்தில் தொட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது தெரிந்தால், சாதாரண நாளில் மீன் ஏன் நோய்ப்படுகிறது என்பதும் விளங்கிவிடும்.

ஏர் பம்பு நின்றதும் தண்ணீரின் மேற்பரப்பு அசையாமல் போகிறது. காற்றிலிருந்து ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்குவது குறைகிறது. 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். நம் ஊர்ச் சூட்டில் கையிருப்பு எப்போதுமே குறைவு. அதை மீன்களும் செடிகளும் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே விடியற்காலையில்தான் மீன்கள் மூச்சுக்குத் தவிக்கும். ஃபைட்டரும் கௌராமியும் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மேலே வந்து காற்றை நேரடியாக எடுத்துக்கொள்கிற உறுப்பு அவற்றின் தலைக்குள் இருக்கிறது. நம் ஏரிகளில் இருக்கும் பனையேறிக் கெண்டைக்கும் அந்த வசதி உண்டு. தங்கமீனுக்கும் கோய் கெண்டைக்கும் கிடையாது.

இதைவிட மோசமான ஆபத்து ஃபில்டருக்குள் இருக்கிறது. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய ஃபில்டர் டப்பாவுக்குள் தண்ணீர் ஓடாமல் மணிக்கணக்கில் தேங்கினால் அவை சாகத் தொடங்கும், உள்ளே அழுகல் நாற்றம் எடுக்கும். இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வருகிறது, சந்தோஷத்தில் ஸ்விட்சைப் போடுகிறோம். அந்த அழுகிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் பீய்ச்சி அடிக்கிறது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பிழைத்திருந்த மீன், கரண்ட் வந்த பிறகு செத்துப்போவது இதனால்தான். வீட்டில் இருப்பவர்கள் புயலோடு ஏதோ நோய் வந்துவிட்டது என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். பிழைத்திருக்கும் கொஞ்ச பாக்டீரியாவையும் அந்த மருந்து கொன்றுவிடும்.

அடுத்த மழைக்காலத்துக்கு இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனதும் இரை போடுவதை நிறுத்துங்கள், நல்ல மீன் சில நாள் பட்டினி தாங்கும். மக்கில் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பு மீன் கடையிலேயே கிடைக்கிறது. ஃபில்டரைத் திறந்து பஞ்சை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே ஈரமாகக் காற்றுப்பட வையுங்கள். கரண்ட் வந்ததும் உள்ளே தேங்கியதைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு ஓட விடுங்கள்.

அடுத்தது நம் தண்ணீர். இந்த மாவட்டத்தில் ஒரே தெருவில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கும். குழாயில் வருவதில் குளோரின் கலந்திருக்கும். 1944-இல் கட்டி முடித்த பூண்டி ஏரியிலிருந்து சென்னைக்கே தண்ணீர் கொடுக்கிற மாவட்டம் நம்முடையது. குடிக்கிற மனிதனைக் கிருமியிலிருந்து காக்க அந்தத் தண்ணீரில் குளோரின் போடுகிறார்கள். மீனின் செவுளை அதே குளோரின் புண்ணாக்கும். ஒரு நாள் வாளியில் ஏர் விட்டு வைத்தாலோ, கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டு வாங்கிச் சில சொட்டு விட்டாலோ போதும். இரண்டாவது போர்த் தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறி வந்திருப்பது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் எழுதிவரும் விஷயம். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த அந்தத் தண்ணீரில் கப்பியும் மோலியும் நன்றாக வளரும், டிஸ்கஸும் நியான் டெட்ராவும் திணறும். மூன்றாவது கேன் தண்ணீர். தாது உப்பு எல்லாம் வடிகட்டப்பட்ட தண்ணீரை மட்டும் ஊற்றினால் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, நிலையாக நிற்காது. போர்த் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் கலந்து ஊற்றுகிறவர்கள்தான் புத்திசாலிகள்.

பி.எச். ஏன் முக்கியம் என்றால், அம்மோனியா எவ்வளவு விஷமாகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 25 டிகிரி சூட்டில், பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரை பங்குதான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டிவிடும், ஏறக்குறைய பத்து மடங்கு. நம் போர்த் தண்ணீர் பெரும்பாலும் எட்டை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே பக்கத்து வீட்டுத் தொட்டியில் மீன் தாங்குகிற அதே அழுக்கு, உங்கள் தொட்டியில் கொல்லும். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைக் குப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்குச் செலவழிப்பதைவிட அதற்குச் செலவழிப்பது மேல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. கொசு விரட்டி. சுருள், பிளக்கில் மாட்டும் திரவம், டப்பாவில் அடிக்கும் ஸ்பிரே ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் பைரெத்ராய்டு வகை மருந்து. நமக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத அது மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்பு அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிற கருவி. கதவைச் சாத்திக்கொண்டு இரவு முழுக்கக் கொசு மருந்து ஓடவிட்டால், பம்பு அதையும் சேர்த்துத்தான் தண்ணீருக்குள் தள்ளும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், ஷிப்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் ஒற்றை அறைகளில் ஆசையாக மீன் வளர்க்கிறார்கள். அறை சின்னது, ஜன்னல் ஒன்று, கொசு அதிகம். தம்பிகளே, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள், மீன் பிழைக்கும். தெருவில் புகை அடிக்க வண்டி வரும்போது தொட்டியை ஈரத்துணியால் மூடி, அந்தக் கொஞ்ச நேரம் பம்பை நிறுத்தி வையுங்கள். பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கும்போதும் அப்படித்தான், முடிந்தால் தொட்டியை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, தண்ணீர் நன்றாக இருக்கிறது, மீனுக்கு மெய்யாகவே நோய் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது வெள்ளைப்புள்ளி நோய். பகலில் வெயில், இரவில் மழைக்குளிர் என்று தண்ணீரின் சூடு ஏறி இறங்கும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி தளரும். முதல் அறிகுறி புள்ளி வருவதற்கு முன்பே தெரியும். மீன் திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துவிட்டு ஓடும். இரண்டொரு நாளில் துடுப்பிலும் உடம்பிலும் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் தனி உயிர், ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்று 1876-இல் ஃபூகே என்ற பிரெஞ்சுக்காரர் பெயரிட்டார். மீனின் சளியைக் கண்ணாடிச் சில்லில் லேசாக வழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், உடல் முழுதும் நுண்மயிர் அசைய, மெல்ல உருண்டுகொண்டே இருக்கும் ஓர் உருண்டை தெரியும். உள்ளே குதிரை லாட வடிவில் உட்கரு. ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அங்கேயே தின்று கொழுத்து, முதிர்ந்ததும் வெளியே வந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு கூட்டுக்குள் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகும், ஆயிரம்கூட ஆகலாம். அந்தக் குஞ்சுகள் நீந்திப் போய் ஓரிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் சாகும்.

இதில்தான் வைத்தியத்தின் சூட்சுமம் இருக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. கூட்டுக்குள் இருக்கும்போதும் தொடாது. நீந்தித் திரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும். 25 டிகிரியில் மொத்தச் சுற்றும் முடிய ஒரு வாரத்துக்கு உள்ளாகத்தான் ஆகும், தண்ணீர் குளிர்ந்தால் நாள் நீளும். மூன்றாம் நாள் புள்ளி மறைந்துவிட்டது, நோய் போய்விட்டது என்று மருந்தை நிறுத்துகிறார்களே, அப்போது புள்ளி மறைந்தது ஒட்டுண்ணி முதிர்ந்து அடியில் இறங்கியதால்தான். அடுத்த அலை பல மடங்காக வரும். அந்த அலை செவுளில் ஏறினால் மீன் தாங்காது.

அதனால் பொறுமையாகச் செய்யுங்கள். இந்த நோய்க்குத் தொட்டி முழுவதற்கும் வைத்தியம் செய்ய வேண்டும், ஒரு மீனைப் பிரித்துப் பயனில்லை. ஹீட்டர் இருந்தால் ஒரே மூச்சில் ஏற்றாமல், ஓரிரண்டு நாளில் மெல்ல 30 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். சூடு ஏறினால் ஆக்சிஜன் குறையும் என்று சொன்னேனே, கூடுதலாக ஏர் விடுங்கள். கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம் என்ற கணக்கில், தனியாகக் கரைத்து, இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். இரண்டடித் தொட்டியில் ஐம்பது லிட்டர் என்றால் 100 கிராம். தங்கமீனும் கப்பியும் மோலியும் இதை நன்றாகத் தாங்கும். செதில் இல்லாத கெளுத்தி வகையும் லோச்சும் இருந்தால் பாதி அளவோடு நிறுத்திப் பாருங்கள். செடிகள் வாடலாம். அடியில் படிந்திருப்பதை நாள்தோறும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, எடுத்த அளவுக்கு உப்புச் சேர்த்த தண்ணீரை ஊற்றுங்கள். கூடுகளில் பல அதிலேயே வெளியே போய்விடும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் தொடருங்கள். குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். மீன் தொட்டியிலிருந்து கைப்புண் வழியாக மனிதத் தோலில் தொற்றும் பாக்டீரியா ஒன்று உண்டு, காசநோய்க் கிருமியின் உறவு. கையில் காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

என்னை மிகவும் வருத்தப்படுத்துகிற பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி, உடைத்துத் தொட்டியில் கொட்டுவது. வெள்ளைப்புள்ளிக்கும் கொட்டுகிறார்கள், வயிறு உப்பியதற்கும் கொட்டுகிறார்கள். வெள்ளைப்புள்ளி பாக்டீரியாவால் வருவதே இல்லை. மெய்யாகவே பாக்டீரியா நோயாக இருந்தாலும், நம் கடினமான போர்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொண்டு மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். மீன் குணமாகாது. ஆனால் மருந்துக்குப் பழகிப்போன கிருமி வளரும். அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும், நாளைக்கு நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகும். தயவு செய்து நிறுத்துங்கள்.

நோய்ப்பட்ட மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடுவதையும் நிறுத்துங்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த மனதை மதிக்கிறேன். ஆனால் அந்த நோய் அங்கே இருக்கும் மீன்களுக்குப் போகும். டேங்க் கிளீனர் என்று நாம் ஆசையாக வாங்கிய சக்கர் மீன், பெரிதாகிவிட்டது என்று விடப்பட்டு, சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் பெருகி வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு சின்ன மீனுக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. எடின்பரோ அருகே ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. டிரவுட் மீனின் முகத்திலும் தலையிலும் வலியை உணரும் நரம்பு முனைகளை அவர்கள் கண்டார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் வாயைக் கல்லில் தேய்த்தன, மணிக்கணக்கில் இரை தின்னவில்லை. மீன் வலியை எப்படி உணர்கிறது என்று விவாதிப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்த உதட்டைத் தேய்த்த மீன் போதும். 2014-இல் மெல்போர்னில் ஜார்ஜ் என்ற பத்து வயதுத் தங்கமீனின் தலையில் இருந்த கட்டியை, செவுளுக்குள் குழாய் வழியே மருந்து கலந்த தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே டிரிஸ்டன் ரிச் என்ற கால்நடை மருத்துவர் அகற்றினார். அந்த அளவுக்கு நம்மால் முடியாமல் போகலாம். குணமாகாது என்று உறுதியான மீனை உயிரோடு கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாமல் இருக்க நம் எல்லோராலும் முடியும். செதில்கள் எல்லாம் விறைத்து நின்று, வயிறு வீங்கி, நாள்கணக்கில் மல்லாந்து கிடக்கும் மீனுக்குக் கிராம்பு எண்ணெய் இருக்கிறது. லிட்டருக்கு அரை மில்லி வீதம், வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் குலுக்கிக் கலக்குங்கள். மீன் தன் தொட்டித் தண்ணீரிலேயே இருக்கட்டும், கலவையை அதில் சேருங்கள். மயங்கி, செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டு வையுங்கள்.

கொளத்தூர் மீன் சந்தை நமக்குப் பக்கம். புழல், பொன்னேரிச் சுற்றுவட்டாரத்தில் சிமென்ட் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்த்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. 2012-இல் மீன்வளத்துக்கு என்று தனிப் பல்கலைக்கழகம் வந்தது, அதன் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி நம் பொன்னேரியிலேயே இருக்கிறது. இவ்வளவு இருந்தும் உங்கள் தங்கமீன் இரண்டு படிப்புகளுக்கு நடுவே விழுந்துவிடுகிறது. மீனின் நோயை விரிவாகப் படித்தவர் மீன்வளப் பட்டதாரி. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கால்நடைக்கு வைத்தியம் செய்யப் பதிவு பெறுகிறவர் கால்நடை மருத்துவர், அவர் படிப்பில் மாடும் ஆடும் நாயும் கோழியும் பெரும்பங்கு. இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மாவட்டக் கால்நடை மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, தண்ணீர் சோதிக்க நாலு குப்பி. பெரிய செலவில்லை. வீட்டு மீனுக்கும் வழி பிறக்கும், பொன்னேரியில் மீன் வளர்த்துப் பிழைக்கும் அக்காவுக்கும் ஒரு தொட்டியில் வந்த நோய் பத்துத் தொட்டிக்குப் பரவும் முன் பதில் கிடைக்கும். மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், விருப்பமுள்ளவர்கள் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கே காட்டினாலும் சரி, காட்டுகிற முறை முக்கியம். செத்து மணிக்கணக்கான மீனால் பயனில்லை, உயிரோடு இருக்கும் நோய் மீனையே கொண்டு போங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, வெயில் படாமல் ஒரு துணிப்பையில். தொட்டித் தண்ணீரை வேறு ஒரு சுத்தமான பாட்டிலில் தனியாக எடுங்கள், மீன் இருக்கும் பைத் தண்ணீர் வழியிலேயே கெட்டுவிடும். கடைசியாக எந்த மீன் புதிதாக வந்தது, என்றைக்கு, அதை மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்திருந்தீர்களா, என்ன மருந்து எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து ஊற்றியிருந்தால் மறைக்க வேண்டாம்.

கூடத்தின் பின்பக்கம் நுண்ணோக்கி ஒன்று வைத்திருக்கிறோம். மீன் கொண்டு வந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள், கேள்வி கேட்பவர்கள் அடுத்து. பிள்ளைகள் பார்க்க எட்டாது, ஒரு முக்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.